ஆட்டக்களத்தில் அன்பு

நம் சிறுவர்கள் மாலைதோறும் கபடி ஆடுகின்றனர். வெல்ல வேண்டும் என்னும் வேட்கை அவர்கள் உள்ளத்தில் பொங்குகிறது. அவ்வேட்கை தீதா? தீதெனில் ஆட்டமே தீதாகும். நன்றெனில் அதற்கு எல்லை யாது? இதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

எதிரணியைப் பகையணி என்று எண்ணுதல் முதற்பிழை. இப்புறம் எழுவர், அப்புறம் எழுவர். அப்புறத்தார் வாராவிடில் நமக்கு ஆட்டம் ஏது? பாடி வருபவனை மடக்குவது ஆட்டம். அவன் வாயைப் பொத்துவதும், கழுத்தை நெரிப்பதும், கால்களைக் கத்தரிபோல் பின்னி வீழ்த்துவதும் குற்றம் என்று விதியே விலக்குகிறது. முழு வலிமையையும் காட்டுக, ஆயின் ஊறு செய்யற்க என்பதே அதன் உட்பொருள்.

இனி, இரங்கி வேண்டுமென்றே தோற்பது அன்பாகுமா? ஆகாது. எதிரே நிற்பவனை அது மதியாமையே ஆகும். முயன்று ஆடுதலே அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.

நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். நாம் ஆலையில் வேலை செய்த நாளில், நம் மைந்தன் சிறுவர் போட்டி ஒன்றில் ஆடினான். இறுதி வேளையில் பாடி வந்த பையனின் கணுக்காலைப் பற்றினான். அப்பையன் வலியால் அலறவே, பிடியை விட்டான். பையன் தவழ்ந்து நடுக்கோட்டைத் தொட்டான். ஒரே புள்ளியில் நம் அணி தோற்றது. வீடு திரும்பும் வழியெல்லாம் மைந்தனைக் கோழை என்று ஏசினோம். மறுநாள் அந்தப் பையன் காலில் கட்டுடன் நொண்டியவாறு நம் வாயிலில் வந்து நின்றான். “ஐயா, இவன் விட்டிராவிட்டால் என் கால் முறிந்திருக்கும்” என்றான். நமக்கு நா எழவில்லை. அன்று தோற்றவர் நாமே.

1956 மார்ச்சில் மெல்போர்ன் நகரில் நடந்த ஒரு மைல் ஓட்டத்தையும் எண்ணுக. அது ஆஸ்திரேலிய வாகையர் போட்டி. ஓட்டத்தின் நடுவே ரான் கிளார்க் என்னும் 19 வயது இளைஞர் இடறி விழுந்தார். உடன் ஓடிய ஜான் லாண்டி நின்றார், திரும்பிச் சென்று அவர் நிலையைக் கண்டார், பின்னரே ஓடினார். முடிவில் லாண்டியே வென்றார். ஆயின் இரங்கியவன் வெல்வான் என்று சிறுவர்க்குக் கற்பித்தல் வேண்டா. நம் மைந்தன் தோற்றான் அல்லனோ? லாண்டி தோற்றிருப்பினும் அவர் செயல் குறைவுபட்டிராது.

பிறர் ஆக்கம் கண்டு மகிழ்வதை முதிதை என்கிறோம். அதனைப் பயில ஆட்டக்களம் நல்லதோர் இடம். ஆகவே பெற்றோரே, மூன்றினைக் கைக்கொள்ளுங்கள். வீழ்ந்தவன் எவ்வணியினன் ஆயினும் கைகொடுத்து எழுப்பப் பழக்குங்கள். திறன் குறைந்த பிள்ளையையும் களத்தில் இறக்குங்கள். ஆடித் திரும்பும் பிள்ளையிடம், “வென்றாயா?” என்று கேட்குமுன், “எதிரணியில் நன்றாக ஆடியவன் யார்?” என்று கேளுங்கள். அக்கேள்வியை நாம் காலந்தாழ்த்தியே கற்றோம். நீங்கள் இன்றே தொடங்குங்கள்.