100 சொன்னால் 101.6 ஓடும் மில்லிங் மிஷின்

கேள்வி: பீங்கான் பொம்மைகளுக்கும் ஃபியூஸ் கட்டைகளுக்கும் மூல அச்சு வெட்டிக் கொடுக்கிறேன். பழைய கைச்சக்கர மில்லிங் மிஷினில் ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தி, மாக்3 மென்பொருளில் ஓட்டுகிறேன். 100 மி.மீ. கொடுத்தால் மேசை 101.6 மி.மீ. போகிறது. திசை திருப்பினால் 0.15 மி.மீ. அளவுக்கு ஆட்டம் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது? மண் சுட்டால் சுருங்குவதையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாமா?
- ஒரு வாசகர், மங்கலம்பேட்டை

பதில்: நீங்கள் கேட்டிருப்பவை மூன்று தனித்தனிப் பிழைகள். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிக்கட்டக் கூடாது.

முதலாவது, 101.6. மோட்டாரில் பழுது இருக்காது, ஸ்க்ரூவைப் பாருங்கள். சுற்றுக்கு 200 ஸ்டெப் உள்ள மோட்டாருக்கு டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் வைத்தால் ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ். பிட்ச் 5 மி.மீ. என்று எடுத்து, மி.மீட்டருக்கு ஸ்டெப் எண் 320 என்று கொடுத்திருப்பீர்கள். பழைய மிஷின்கள் பலவற்றில் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருக்கும். அங்குலத்துக்கு 5 மரை என்றால் பிட்ச் 5.08 மி.மீ. ஸ்கேலை ஸ்க்ரூ மீது வைத்து 10 மரையை அளந்து பாருங்கள், 50.8 மி.மீ. வந்தால் சந்தேகமே வேண்டாம். 1600-ஐ 5.08-ஆல் வகுத்தால் 314.961. மோட்டார் ட்யூனிங் பக்கத்தில் இந்த எண்ணைப் போடுங்கள்.

சரிபார்க்க வெர்னியர் போதாது. 100 மி.மீ. ஸ்லிப் கேஜை மேசையில் ஒரு நிறுத்தக் கட்டைக்கும் டயல் கேஜ் முனைக்கும் நடுவே வைத்து முள்ளைப் பூஜ்யமாக்குங்கள். கேஜை எடுத்துவிட்டு, கட்டை முனையை நோக்கி வரும்படி மேசையை 100 மி.மீ. நகர்த்துங்கள். முள் காட்டும் வித்தியாசம்தான் மிச்சப் பிழை. முதல் தடவையும் இதே திசையிலிருந்தே முனையைத் தொட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேக்லாஷும் (திசை திருப்பும்போது தெரியும் ஆட்டம்) கணக்கில் கலந்துவிடும்.

இரண்டாவது, அந்த 0.15. நகரும் தூரம் 10 ஆனாலும் 100 ஆனாலும் இது மாறாது. அதனால் ஸ்டெப் எண்ணை மாற்றி இதைப் போக்க முடியாது. கப்ளிங் ஸ்க்ரூ, ஸ்க்ரூ முனை பேரிங், நட் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்த்து இறுக்குங்கள். மிஞ்சுவதை மட்டும் மாக்3-இன் பேக்லாஷ் அமைப்பில் கொடுங்கள். மென்பொருள் கணக்கைத்தான் ஈடுகட்டும், மேசையைப் பிடித்து வைக்காது. ஆகவே கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும் திசையில் வெட்டாதீர்கள்.

மூன்றாவது, சுருக்கம். இதை ஸ்டெப் எண்ணில் சேர்க்கவே கூடாது. அச்சை இணைக்கும் போல்ட் துளை, பின் துளை எல்லாம் அசல் அளவில் வர வேண்டியவை. அவையும் சேர்ந்து பெருத்துவிடும். மண் கலவை மாறினால் சுருக்கமும் மாறும். உங்கள் மண்ணில் ஒரு பட்டை செய்து, ஈரத்திலேயே 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறி, வழக்கமான சூளையில் சுட்டு அளந்து பாருங்கள். 88 வந்தால் சுருக்கம் 12 சதவீதம். அப்போது வரைபட அளவை 1.12-ஆல் பெருக்காதீர்கள், 0.88-ஆல் வகுங்கள். 50 மி.மீ. பொருளுக்கு அச்சு 56.8 மி.மீ. வேண்டும். 1.12-ஆல் பெருக்கி 56 வைத்தால், சுட்ட பிறகு 49.28தான் கிடைக்கும், ஃபியூஸ் கட்டையில் இந்த வித்தியாசம் பொருளையே கழிக்க வைத்துவிடும்.

மிஷின் எப்போதும் அசல் மில்லிமீட்டரில் ஓடட்டும். சுருக்கக் கணக்கு வரைபடத்தில் மட்டும் இருக்கட்டும்.