பஸ் வாந்தி: பயமும் வேண்டாம், பரிகாசமும் வேண்டாம்



இந்தப் பாடம் ஒரு சின்னத் தொல்லையைப் பற்றியது. சின்னத் தொல்லைதான், ஆனால் அதற்குப் பயந்து பெரிய காரியங்களைத் தள்ளிப் போடுகிறவர்கள் நம் கிராமங்களில் நிறையப் பேர் உண்டு. பஸ்ஸில் போகும்போது வரும் தலைசுற்றல், குமட்டல், வாந்தி ஆகியவற்றைத்தான் சொல்கிறோம்.

நம் தருமபுரி மாவட்டம் மலையும் கணவாயும் உள்ள மாவட்டம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் பாதை, அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறும் பாதை, தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் என்று வளைவும் ஏற்ற இறக்கமும் ஏராளம். பஸ் வளைந்து வளைந்து போகும்போது சிலருக்கு வயிற்றைப் புரட்டுவதில் வியப்பில்லை.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு

கிராம சுகாதார செவிலியர் ஒரு வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் போகவில்லை.

"ஏன் தங்கச்சி, ஸ்கேனுக்குப் போகலையா?"

"பஸ் ஏறினாலே குமட்டுது நர்சம்மா. போன தடவை பாதி வழியிலேயே வாந்தி. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. மானமே போச்சு."

கணவர் சிரிக்கிறார். "அவ அப்பிடித்தாங்க. பஸ்ஸைப் பார்த்தாலே மயக்கம் வந்துடும். உடம்புல தெம்பு இல்லை."

"தெம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. நீங்க சிரிக்காம கூடப் போனாலே பாதி சரியாயிடும். மீதிப் பாதியை நான் சொல்றேன், ரெண்டு பேரும் உட்கார்ந்து கேளுங்க."

செவிலியர் அவர்களுக்குச் சொன்னதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறோம்.

ஏன் வருகிறது?

நம் காது கேட்பதற்கு மட்டும் அல்ல. காதின் உட்பகுதியில் மூன்று சிறிய வளைந்த குழாய்கள் உள்ளன. அவற்றில் நீர் போன்ற திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது, குடத்துத் தண்ணீர் தளும்புவது போல் அந்தத் திரவம் அசையும். "உடம்பு ஆடுகிறது, திரும்புகிறது" என்று மூளைக்குச் சேதி போகும்.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண் எதைப் பார்க்கிறது? முன் சீட்டின் முதுகையோ, மடியில் உள்ள குழந்தையையோ, கையில் உள்ள செல்போனையோ பார்க்கிறது. அவை அசையாமல் இருப்பது போலவே தெரிகின்றன. ஆகவே "ஒன்றும் ஆடவில்லை" என்று கண் சொல்கிறது. பஞ்சாயத்தில் இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன ஆகும்? குழப்பம்தான். மூளைக்கும் அதே குழப்பம். அதன் விளைவே வாயில் எச்சில் ஊறுவது, வியர்ப்பது, முகம் வெளுப்பது, கடைசியில் வாந்தி.

பஸ் டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? அவர் கண் பாதையின் மேலேயே இருக்கிறது. அடுத்த வளைவு எங்கே என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அவருடைய கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்கின்றன. இதில்தான் நமக்கும் வழி இருக்கிறது.

யாருக்கு அதிகம் வரும்?

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அதிகம் வரும். இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதிலும் மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் கூடுதல். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் எளிதில் வரும்.

இது கோழைத்தனமோ பலவீனமோ அல்ல. இங்கிலாந்தின் பெரிய கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கடலில் குமட்டல் வந்துகொண்டே இருந்தது. விஞ்ஞானி டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் என்ற கப்பலில் உலகைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் கடல் ஆட்டம் அவரை மிகவும் வாட்டியது. அவர்களுக்கே வந்தது என்றால், நம் வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்?

புறப்படும் முன்

1. வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி, கொஞ்சம் கஞ்சி போன்ற லேசான உணவு போதும். எண்ணெய்ப் பலகாரம், அதிகக் காரம், கறிக்குழம்பு அன்று வேண்டாம்.

2. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் குமட்டல் சீக்கிரம் வரும்.

3. சாராயம், பிராந்தி எதுவும் கூடாது. பீடி, சிகரெட் புகையும் குமட்டலைக் கூட்டும். குடிப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும்தான்.

4. ஓட்டையில்லாத கவர் இரண்டு, ஒரு துண்டு, ஒரு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பையைத் தயார் செய்வது கணவர் வேலையாக இருக்கட்டும்.

பஸ்ஸில் ஏறிய பிறகு

1. முன்பக்கத்திலோ நடுப்பக்கத்திலோ உட்காருங்கள். கடைசி சீட்டு வேண்டாம். அங்கே தூக்கிப் போடுவது அதிகம். கூட்டம் ஏறும் முன் கணவர் போய் இடம் பிடிக்கலாம்.

2. பஸ் போகும் திசையைப் பார்த்தே உட்காருங்கள். பார்வை முன் கண்ணாடி வழியாகத் தூரத்தில் உள்ள மலையிலோ பாதையிலோ இருக்கட்டும். பக்கத்தில் ஓடும் மரங்களைப் பார்க்காதீர்கள்.

3. புத்தகம், செல்போன் வேண்டாம்.

4. தூரத்தைப் பார்க்க முடியவில்லை என்றால், தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண் மூடினால் ஒரு சாட்சி வாயை மூடியது போல.

5. ஜன்னலைத் திறந்து காற்று வரவிடுங்கள்.

6. சிலருக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் இதமாக இருக்கும். சிறு துண்டு இஞ்சி மென்றால் சிலருக்குக் குமட்டல் தணியும். வயிற்றில் செய்தித்தாளை வைத்துக் கட்டுவதால் உடம்புக்கு ஒன்றும் நடப்பதில்லை. அதை நம்பி மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

முக்கிய எச்சரிக்கை: வாந்தி வருகிறது என்று தலையையோ கையையோ ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். குறுகலான பாதையில் எதிரே வரும் லாரி உரசினால் உயிரே போகும். பிள்ளைகளையும் நீட்டவிடாதீர்கள். கவரைப் பயன்படுத்துங்கள். முடியவில்லை என்றால் கண்டக்டரிடம் சொல்லுங்கள். பஸ் நின்ற பிறகு இறங்குங்கள்.

வாந்தி வந்துவிட்டால்

வாயைக் கொப்பளித்து, தண்ணீரை ஒரு மடக்கு, ஒரு மடக்காகக் குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் மறுபடியும் புரட்டும். பல தடவை வாந்தி எடுத்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மாத்திரை போடலாமா?

மருந்துக் கடைகளில் அவோமின் என்ற பெயரில் கிடைப்பது புரோமெத்தசின் வகை மாத்திரை. இது வாந்தி வருவதற்கு முன்பு, பயணத்துக்கு முன்பே போட வேண்டிய மருந்து. குமட்டல் முற்றிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். எவ்வளவு, எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டே போடுங்கள். மேலும் கவனிக்க:

இது தூக்கம் வரவைக்கும். போட்டவர் மோட்டார் சைக்கிளோ டிராக்டரோ ஓட்டக் கூடாது. மதுவோடு சேர்க்கவே கூடாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் டாக்டர் சொன்ன அளவே கொடுக்க வேண்டும்.

கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. கர்ப்ப கால வாந்திக்கு ஏற்ற மாத்திரைகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்த்துத் தருவார்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு

இதைப் பலர் கவனிப்பதில்லை. மாலா-என் மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், மருந்து உடம்பில் சேராமல் போயிருக்கலாம். உடனே இன்னொரு மாத்திரை சாப்பிடுங்கள். மற்றவற்றை வழக்கம் போல் தொடருங்கள். இது அட்டையில் உள்ள 21 கருத்தடை மாத்திரைகளுக்குப் பொருந்தும். மீதி 7 இரும்புச் சத்து மாத்திரைகள். வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் நிரோத் பயன்படுத்தி, செவிலியரிடம் யோசனை கேளுங்கள். பயண நாளில் மாத்திரையை இரவு வீடு திரும்பி, படுக்கப் போகும்போது சாப்பிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பரிசலிலும் கப்பலிலும்

ஒகேனக்கல்லில் பரிசலைச் சுழற்றும்போது சிலருக்குத் தலை சுற்றும். காரணம் அதேதான். சுழற்ற வேண்டாம் என்று பரிசல்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; கரையில் அசையாத பாறையைப் பாருங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போக மூன்று நாள் அளவு ஆகும். அப்படிப் போகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேட்டு வாங்கலாம். அங்கே ஆட்டம் குறைவு. குமட்டினால் மேல்தளத்துக்கு வந்து காற்று வாங்கி, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும்.

எல்லாப் பழியையும் பஸ் மேல் போடாதீர்கள்

பயண வாந்தி, பயணம் முடிந்தால் தானே அடங்கும். கீழ்க்கண்டவை இருந்தால் அது வேறு விஷயம். உடனே டாக்டரைப் பாருங்கள்:

மாதவிலக்கு தள்ளிப்போய் வாந்தி வந்தால் கர்ப்பமாக இருக்கலாம். பரிசோதனை செய்து பதிவு செய்யுங்கள்.

கர்ப்பிணிக்குக் கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் வீக்கம் இருந்தால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம்.

கர்ப்பிணியின் வயிற்றில் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் தாமதிக்கக் கூடாது.

குழந்தைக்கு வாந்தியோடு பேதி, கண் குழிவிழுதல், சோர்வு இருந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

வாந்தியில் இரத்தம், நெஞ்சுவலியோடு வியர்வை இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

அவசரத்துக்கு 108-ஐ அழையுங்கள்.

பிறகு என்ன நடந்தது?

அந்தத் தம்பதிகள் மறு வாரம் காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பினார்கள். கணவர் முன்னால் ஏறி இடம் பிடித்தார். அவள் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தாள், கையில் எலுமிச்சம்பழம். வழியில் ஒரு தடவை குமட்டியது. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள், அடங்கிவிட்டது. ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரத்த அழுத்தம் பார்த்தபோது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தவறாமல் வரச் சொன்னார்.

"தலைவலிகூட இல்லீங்களே நர்சம்மா, எப்படி இருக்கும்?" என்றார் கணவர்.

"அதுதான் தம்பி. இரத்த அழுத்தம் சொல்லிக்கிட்டு வராது. வாந்திக்குப் பயந்து வீட்டிலேயே இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது."

அவர் இப்போது சிரிப்பதில்லை. அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் அவரே வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

உங்களுக்குச் சில கேள்விகள்

1. பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும்?

2. தலையை ஜன்னலுக்கு வெளியே ஏன் நீட்டக் கூடாது?

3. மாலா-என் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்தால் என்ன செய்வீர்கள்?

4. உங்கள் வீட்டில் பஸ்ஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர் யார்? அவரோடு கூடப் போகப் போவது யார்?

நாலாவது கேள்விக்கு இன்று இரவே இருவரும் பேசிப் பதில் சொல்லுங்கள்.