நம்பிக்கைகளும் உண்மைகளும்: “வேர்ட்பிரஸா? ஈசியா ஹேக் பண்ணிடுவாங்க!”

பகாவில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் அக்கா கேட்டார். லாபு பக்கம் ஒரு கோயில் நிர்வாகத்தினர் கேட்டார்கள். ரந்தாவில் லோரி வாடகைக்கு விடும் அண்ணன் போனிலேயே கேட்டார். “வேர்ட்பிரஸ் வேணாம் தம்பி, அது ஃப்ரீயா கிடைக்கிறதாம். ஈசியா ஹேக் பண்ணிடுவாங்களாமே?” யார் சொன்னது என்று கேட்டால், இணையத்தளம் செய்து தருகிறேன் என்று வந்த ஒருவர் சொன்னாராம். அவருடைய கம்பெனியே சொந்தமாக எழுதிய ‘சிஸ்டம்’ ஒன்று இருக்கிறதாம். அதை எவனாலும் உடைக்க முடியாதாம்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பயத்தைக் காட்டிச் சரக்கு விற்கும் இந்த வேலைக்கு, தோட்டத்துப் பிள்ளைகள் கைக்காசு போட்டுத் தொடங்கிய சின்னத் தொழில்கள்தான் பலியாகின்றன. அதனால் இதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

தளத்தில் விலையையோ படத்தையோ திருவிழாத் தேதியையோ நாமே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருளைத்தான் சி.எம்.எஸ் என்கிறார்கள். வேர்ட்பிரஸ் அவற்றில் ஒன்று. மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதம் வெளியிட்டது. இன்று உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதன் நிரல் முழுவதும் யாரும் படிக்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. திருடன் படிக்கிறான் என்பது சரி. அவனைப் பிடிக்கிறவர்களும் படிக்கிறார்கள் என்பதை மட்டும் ஏன் சொல்லாமல் விடுகிறார்கள்?

ஹேக் நடக்கவே நடக்காதா? நடக்கும். எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் பழி யார் மேல் என்று தெரியும். 2017 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 4.7, 4.7.1 பதிப்புகளில் மோசமான ஓட்டை ஒன்று அகப்பட்டது. ஒரு பதிவைத் திருத்தச் சொல்லி வெளியாள் ஒருவர் கோரிக்கை அனுப்பும்போது, பதிவின் எண்ணோடு எழுத்துகளை ஒட்டி ‘123ஏபிசி’ என்பது போல அனுப்பினால் போதும். அனுமதியைச் சோதிக்கும் பகுதி, அப்படி ஒரு பதிவே இல்லை என்று நினைத்து வழிவிட்டுவிடும். அடுத்த பகுதி எழுத்துகளை உதறிவிட்டு 123ஆம் பதிவையே திருத்திக் கொடுத்துவிடும். கடவுச்சொல்லே தேவைப்படவில்லை.

இனிமேல்தான் முக்கியம். ஜனவரி 26ஆம் தேதி 4.7.2 பதிப்பு வந்து ஓட்டை அடைபட்டது. 2013இல் வெளியான 3.7 பதிப்பிலிருந்தே இத்தகைய சின்னத் திருத்தங்களைத் தளம் தானாகவே இறக்கிக்கொள்ளும். அதற்கு அவகாசம் கொடுத்து, ஓட்டையின் விவரத்தை வேர்ட்பிரஸ் குழு பிப்ரவரி 1ஆம் தேதிதான் வெளியிட்டது. அதற்குப் பிறகும் பழைய பதிப்பிலேயே கிடந்த தளங்கள் அடி வாங்கின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் கண்டவர்கள் கிறுக்கிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தானியங்கி வசதியை அணைத்து வைப்பவர்கள் யார்? பெரும்பாலும் தளம் செய்து கொடுத்தவர்கள்தான். “அப்டேட் பண்ணினா டிசைன் கலைஞ்சிடும்” என்று காரணம் சொல்வார்கள். அப்டேட்டுக்கே கலைந்துபோகிற வேலையைச் செய்துவிட்டு, பழியை மென்பொருள் மேல் போடுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று 2014இல் நடந்தது. ரெவல்யூஷன் ஸ்லைடர் என்ற பிளக்கின், அதாவது துணை நிரல், படங்களை ஓடவிடுவதற்கானது. தளத்தின் தோற்றத்துக்காக விலைக்கு விற்ற பல தீம்களுக்குள்ளேயே அதைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். தீம் வாங்கியவருக்கு உள்ளே அது இருப்பதே தெரியாது. அதற்கான திருத்தமும் அவருக்குத் தனியாக வந்து சேராது. அந்த டிசம்பரில் இந்தப் பிளக்கினில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்த வைரஸுக்காக 11,000க்கும் மேற்பட்ட தளங்களை கூகிள் கறுப்புப் பட்டியலில் போட்டது. இதைவிடக் கேவலம், காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றைத் திருட்டு ‘கிராக்’ பதிப்பாக இறக்கி வாடிக்கையாளர் தலையில் கட்டுவது. அத்தகைய கோப்புகளுக்குள் பின்வாசல் வைத்தே பரப்புகிறார்கள். சில நூறு வெள்ளி மிச்சம் பிடித்த புண்ணியவானை யாரும் கேட்பதில்லை. வேர்ட்பிரஸுக்குத்தான் கெட்ட பெயர்.

சரி, அந்த உடைக்க முடியாத சொந்த ‘சிஸ்டத்துக்கு’ வருவோம். அதை எழுதிய ஓரிருவரைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததே இல்லை. அதில் ஓட்டை இல்லை என்று சொல்வதற்கு அவர்கள் வாயைத் தவிர என்ன சான்று? முகவரியின் கடைசியில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்து, உங்கள் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். தரவுத்தளத்தின் பிழைச் செய்தி திரையில் கொட்டினால், வருகிறவர் தட்டுவதை வடிகட்டாமல் அப்படியே உள்ளே விடுகிறார்கள் என்று பொருள். இத்தகைய சொந்த ‘சிஸ்டத்துக்கு’ ஆயுசும் குறைவு. தளங்களை எழுதப் பயன்படும் மொழியின் புதிய பதிப்பாக 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி 7, தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைகளை அடியோடு நீக்கியது. அவற்றை நம்பி எழுதப்பட்ட தளங்கள், தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங்காரர் சர்வரைப் புதுப்பித்த அன்றே நின்றன. எழுதிய தம்பி அதற்குள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தால் யாரைப் பிடிப்பது?

மற்றக் கதைகளைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம்.

துருப்பல் என்ற இன்னொரு சி.எம்.எஸ் போட்டால் கவலையே இல்லை என்கிறார்கள். 2014 அக்டோபர் 15ஆம் தேதி துருப்பலில் ஓட்டை அறிவிக்கப்பட்ட பிறகு, ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளங்கள் பறிபோனதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே சொன்னது. நல்ல மென்பொருள்தான், ஆனால் ஒரு கேட்டரிங் கடைக்கு அது தேவையில்லை.

ஃபேஸ்புக் பக்கமே போதும் என்பது பாதி உண்மை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வாரக் கடைசியில் முறுக்கு சுடுகிறவருக்கு இணையத்தளமே வேண்டாம். என்னிடம் வந்தால் அதைத்தான் சொல்வேன்.

தளத்தைத் தாங்களே பராமரித்துத் தரும் விக்ஸ் போன்ற சேவைகள் மோசம் என்பதும் அரைகுறைப் பேச்சு. பராமரிக்க ஆளே இல்லாதவருக்கு அதுதான் சரி. விலகும்போது தளத்தை அப்படியே பெயர்த்து வேறிடம் கொண்டுபோக முடியாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

தமிழ் சரியாக வராது, அதனால் எழுத்தைப் படமாகப் போடுகிறோம் என்பவர்களை மன்னிக்கவே முடியாது. கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய உதவும் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் நம் மலேசியாவில்தான் பிறந்தது. யூனிகோடு எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. படமாகப் போட்ட கோயில் பெயரைத் தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இவ்வளவு பயத்தையும் வேர்ட்பிரஸ் மேல் கொட்டுகிறவர்கள் தளத்தின் முகவரியான டொமைன் பெயரைப் பற்றி வாயே திறப்பதில்லை. 2015 ஜனவரி 26ஆம் தேதி மலேசியா ஏர்லைன்ஸ் முகவரிக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்தைப் பார்த்தார்கள். ஹேக் செய்தவர்கள் டொமைன் முகவரியை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். தளத்தின் சர்வர் பாதிக்கப்படவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே டொமைன்தான் தலைவாசல். நம் ஊர்களிலோ கோயிலின் டொமைனும் லோரிக் கம்பெனியின் டொமைனும் தளம் செய்தவர் பெயரிலேயே இருக்கின்றன. அவரோடு மனத்தாங்கல் வந்தால் கதை முடிந்தது.

ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் நம் சமூகத் தலைவர் துன் சம்பந்தன். உழைக்கிற மண் உழைக்கிறவன் பெயரில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் கடைப் பெயரை இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஆறவில்லை.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள். டாட் மை முகவரி என்றால், அவற்றை நிர்வகிக்கும் மைநிக்கின் பதிவில் ‘ரெஜிஸ்ட்ரன்ட்’ என்ற வரியில் உங்கள் பெயரோ உங்கள் நிறுவனத்தின் பெயரோ இருக்க வேண்டும். ஹோஸ்டிங் கணக்கும் பேக்கப்பும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அப்டேட்டை யார் பார்ப்பது, மாதம் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும். கோயில் நிர்வாகத்தினருக்கு இன்னும் ஒன்று: செயலாளரின் சொந்த ஜிமெயிலில் டொமைன் கணக்கைத் திறக்காதீர்கள். ஆண்டுக் கூட்டத்தில் புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும்போது வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு அந்தக் கணக்கும் கைமாற வேண்டும். டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தேதி கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.