நூலுக்கு மெருகிடும் பாலிதீன் பால்மம்

நெய்த துணிக்கு வழவழப்பூட்ட விற்கப்படும் வெண்ணிறச் சரக்குகளுள் பாலிதீன் பால்மமும் ஒன்றாகும். ஆரஞ்சுப் பழத்தோலுக்கு மெருகிடவும் இவ்வகையை ஆளுகின்றனர். சின்னாளபட்டி அங்கத்தினர்கள் இதனை வாங்குமுன் இதன் இயல்பை அறிதல் நலம்.

எத்திலீன் வாயுவின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் பாலிதீன் ஆகும். 1933-இல் இங்கிலாந்தில் பேரழுத்தத்தில் இது கைவந்தது. அவ்வாயுவைச் சோப்பு கலந்த நீரில் அழுத்தி இணைத்தால் பால்மம் பிறக்கும். சோப்பு மிகுந்தால் துகள்கள் பெருகி நுண்ணியவாகும். நுண்துகளே நூலினுள் நன்கு பரவும். வெப்பம் மிகுந்தால் சங்கிலி குறுகி, சரக்கு மெழுகுபோல் மிருதுவாகும். அழுத்தம் உயர்ந்தால் சங்கிலி நீண்டு உறுதி பெறும். கடைச் சரக்கில் பல, ஆயத்த மெழுகை நீரில் கலக்கியவையே. ஆயினும் துகளளவு, சங்கிலி நீளம் பற்றிய நியாயம் அவற்றுக்கும் பொருந்தும்.

நம்மை வருத்துவது நீரே. திண்டுக்கல் வட்டாரக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. கொழுப்புச் சோப்பு தாங்கிய பால்மம், அந்நீரின் சுண்ணச் சத்துப் பட்டதும் மோர்போல் திரிந்துவிடும். சாயமேற்றிய சேலையில் வெண்திட்டு விழும். பிறகு யார் வாங்குவார்? ஆகவே, ஒரு பங்கு சரக்கை இருபது பங்கு கிணற்று நீரில் கலந்து, கண்ணாடிக் குவளையில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கவேண்டும். திரிந்தால் மழைநீரை ஆளலாம்; அல்லது கடின நீரைத் தாங்கும், மின்னேற்றமற்ற சோப்பிட்ட வகையைக் கேட்டு வாங்கலாம்.