வாலைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: புதிதாக வரும் டைனோசர் மாடல்களையெல்லாம் வாங்கிச் சேர்க்கிறான் என் மகன். எது நல்ல மாடல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வெலாசிராப்டர் என்றால் முன்கையைப் பாருங்கள். மங்கோலியாவில் கிடைத்த அதன் முன்கை எலும்பில் இறகுகள் ஊன்றியிருந்த சிறு முடிச்சுகள் இருப்பதை 2007-ல் அறிவித்தார்கள். பல்லி மாதிரி மொழுமொழுவென்று இருந்தால் வேண்டவே வேண்டாம். உள்ளங்கைகள் தரையைப் பார்க்கக் கூடாது. கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

ஸ்பைனோசரஸ் என்றால் வால். மொராக்கோவில் தோண்டியெடுத்த எலும்புகளிலிருந்து, துடுப்புப் போல அகன்ற வால் அதற்கு இருந்தது என்று 2020-ல் தெரியவந்தது. ஒல்லி வாலோடு நிற்பது பழைய அச்சு. மகனிடம் அது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதியதன் பக்கத்திலேயே நிற்கட்டும்.