மலையில் காயம், கையில் காகிதம்: தோட்டத் தொழிலாளர் நட்டஈடு பெறும் வழி

பதுளைச் சிறைச்சாலை உத்தியோகத்தர் ஒருவர் கடமையில் காயமடைந்தால், விபத்து லீவு முதல் நட்டஈடு வரை தாபன விதிக்கோவையும் பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளும் வழி சொல்கின்றன. பசறையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிய பெண்ணுக்கு அப்படி ஒரு கோப்பு தானாகத் திறப்பதில்லை. அதனால் அவருக்கு உரிமை இல்லை என்றாகிவிடாது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவருக்கும் உரியது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகவர நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது.

குளவி காட்டுப் பூச்சி, அதற்குத் தோட்டம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். கேள்வியே பிழை. தொழில்தருநர் கவனக்குறைவாக இருந்தார் என்று இந்தச் சட்டத்தின் கீழ் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதே கணக்கு. அந்த மலையில், அந்த நேரத்தில் அவர் நின்றது வேலைக்காகத்தான். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி வழக்கு சாட்சியத்தில்தான் நிற்கிறது, அந்தச் சாட்சியம் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் கிடைக்கும். ஆகவே முதல் வேலை, கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ வாயால் சொன்னதோடு நிற்காமல், தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குவது. அன்று பேர் விழுந்ததா என்று செக்றோலில் (வேலைப் பதிவேட்டில்) பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடாமல், காயம் பெரிதென்றால் பதுளை ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும். அங்கே 'விழுந்துவிட்டேன்' என்று மட்டும் சொன்னால் துண்டில் அதுதான் ஏறும். எந்த மலையில், என்ன வேலை செய்யும்போது என்பதையும் சொல்லிப் பதியவைக்க வேண்டும். பக்கத்து நிரையில் நின்ற இருவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் லொறி கொடுத்தது, வைத்தியச் செலவும் பார்த்தது, இதற்குமேல் கேட்பது நன்றிகெட்டதனம் என்ற பேச்சு லயத்திலேயே எழும். அந்த உதவி நல்லதுதான், ஆனால் விரல் போனதற்கோ பார்வை குறைந்ததற்கோ அது ஈடாகாது. உழைக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதைச் சட்டத்தின் அட்டவணையும் வைத்தியச் சான்றிதழும் கொண்டு மதிப்பிடுவார்கள். மாதச் சம்பளமும் கணக்கில் சேரும் என்பதால் கடந்த 12 மாதச் சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் கைரேகை வைக்கவே கூடாது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. என்றாலும் அதைச் சொல்லி அலைக்கழிக்க முடியும்.

சிக்கல் கூடியது கைக்காசுக்கு வேலை செய்பவர்களுக்குத்தான். செக்றோலில் பெயர் இல்லை, நீ எங்கள் ஆளே இல்லை என்பார்கள். வேலையைக் கொந்தராத்துக்காரர் மூலம் வாங்கினாலும், அது தோட்டத்தின் வழமையான தொழில் என்றால் பொறுப்பு தோட்டத்தையும் சாரும் என்று வாதாட இடமுண்டு. இப்படிப்பட்டவர்கள் கொழுந்து நிறுத்த துண்டு, காசு வாங்கிய குறிப்பு, கைப்பேசியில் எடுத்த படம் எதையும் வீசிவிடக் கூடாது.

தோட்டம் தரமறுத்தாலோ, தந்தது குறைவென்று பட்டாலோ, தொழிற்சங்கத் தலைவரை அழைத்துக்கொண்டு பதுளைத் தொழில் அலுவலகத்தில் விசாரித்து, கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத் துரையோடு பகை வருமே என்ற பயம் நியாயமானதே. ஆனால் இத்தகைய நட்டஈட்டுக்கென்று நிறுவனங்கள் காப்புறுதி எடுப்பதும் உண்டு, அப்போது பணம் துரையின் கையிலிருந்து போவதில்லை. காப்புறுதிக்காரர் கேட்பதும் இதே காகிதங்களைத்தான். விண்ணப்பத்துக்குக் காலவரையறை இருப்பதால் புண் ஆறட்டும் என்று ஆறப்போடாதீர்கள்.

ஊழியர் சேமலாப நிதி வேறு. நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் வைத்தியச் சான்றிதழோடு அதை மீளப் பெறலாம். ஆனால் அது உங்கள் சேமிப்பு. அதைக் காட்டி நட்டஈட்டைக் குறைக்க விடாதீர்கள். விபத்தில் உயிரே போயிருந்தால், தோட்டம் நட்டஈட்டுத் தொகையைக் குடும்பத்தின் கையில் கொடுத்து முடிக்க முடியாது. ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், தங்கிவாழ்ந்தோருக்கு அவரே பங்கிடுவார்.