இரண்டு வித்தைகளுக்கு ஐந்து வருஷம்

அன்புள்ள குழந்தைக்கு,

ரசாயனமா, பியானோவா என்று உங்கள் வீட்டில் நடந்துவரும் விவாதத்தையும், அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் இரண்டையும் ஒருங்கே படிக்க வழியுண்டு என்று நீ தெரிந்துகொண்டதையும், அதைக் கேட்ட உன் அப்பா 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று சொல்லி எழுந்து போய்விட்டதையும் விவரமாக எழுதியிருந்தாய். உன் அப்பாவின் பயம் நியாயமானதுதான். ஆனாலும் அந்தக் கல்லூரி என்ன தருகிறது, யாருக்குத் தருகிறது என்பதை அறிந்தபின் பயப்படுவதே முறை என்று எனக்குத் தோன்றுவதால், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

ஓபர்லின் எனக்கு ஏட்டில் மட்டும் கண்ட பெயரன்று. அந்தக் கல்லூரியைச் சார்ந்து 1908-இல் ஷான்ஸி என்ற சங்கம் ஒன்று ஏற்பட்டது. சீனாவில் சமயப்பணி புரிந்து 1900-ஆம் ஆண்டுக் கலகத்தில் உயிர் நீத்த ஓபர்லின்காரர்களின் ஞாபகார்த்தமாகத் தோன்றிய அந்தச் சங்கம், பிற்காலத்தில் சீனாவின் கதவு மூடப்பட்டபோது, புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞர்களை நம் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அனுப்பலாயிற்று. மதுரையில் நான் வாத்தியாராக இருந்த காலத்தில் அப்படி வந்தவர்கள் சிலரோடு பழகியிருக்கிறேன். அவர்களுள் ஒருவர், பகலெல்லாம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, மாலையில் ஒரு மிருதங்க வித்துவானின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'தகதிமி'யைத் தொடையில் தட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் போலன்றி, திட்டு வாங்கவும் தயாராக வந்து உட்கார்ந்த அந்தப் பணிவு எந்தப் பள்ளியில் விளைந்தது என்று எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. பின்னால் அமெரிக்கா சென்றிருந்தபோது, கிளீவ்லாந்து நகரத்துக்குத் தென்மேற்கே, எட்டாயிரம் பேர் அளவே வசிக்கும் அந்தச் சிற்றூரையும் நேரில் பார்த்தேன்.

1833-இல் நிறுவப்பட்ட அந்தக் கல்லூரி, அடிமைமுறை அமெரிக்காவின் தென்பாதியில் சட்டமாகவே இருந்த காலத்தில், 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதென்று தீர்மானம் செய்தது. 1837-இல் நான்கு பெண்கள் ஆண்களுக்குரிய அதே பட்டப்படிப்பில் சேர்ந்து, அவர்களுள் மூவர் 1841-இல் பட்டமும் பெற்றார்கள். இசைக்கான கன்சர்வேட்டரி 1865-இல் தொடங்கி, 1867-இல் கல்லூரியோடு இணைந்தது. இந்த இணைப்பை நீ சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பாவில், 1795-இல் ஏற்பட்ட பாரிஸ் கன்சர்வேட்டரியானாலும், 1843-இல் மெண்டல்சோன் நிறுவிய லைப்ஸிக் கன்சர்வேட்டரியானாலும், சர்வகலாசாலைக்குப் புறம்பாக நின்றே சங்கீதக்காரர்களை உருவாக்கின. வாத்தியம் வாசிப்பவனுக்குச் சரித்திரமும் தத்துவமும் எதற்கு என்பதே அந்நாளைய எண்ணம். ஓபர்லினிலோ, பயிற்சி அறையிலிருந்து வெளியே வந்த பிள்ளை தெருவைக் கடந்தால் பிளேட்டோவைப் பற்றிய வகுப்பில் உட்காரலாம் என்ற நிலை ஒன்றரை நூற்றாண்டாக நீடித்து வருகிறது.

ஆனால் இவற்றையெல்லாம்விட, நீ முக்கியமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் வேறொன்று. பெரிய சர்வகலாசாலைகளின் இசைத்துறைகளிலே, முதுகலைக்கும் டாக்டர் பட்டத்துக்கும் படிப்பவர்கள் நிறைய இருப்பார்கள். பேர்பெற்ற ஆசிரியரின் சிறந்த நேரம் அவர்களுக்குப் போகும். ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் நாற்காலியும், ஆபராவில் பிரதான பாத்திரமும் அவர்களுக்கே கிடைக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளை பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓபர்லினில் ஏறத்தாழ மூவாயிரம் மாணவர்கள், அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கன்சர்வேட்டரியைச் சேர்ந்தவர்கள். முதுகலை மாணவர்களோ மிகச் சிலர். ஆகவே ஆசிரியரின் முழுக் கவனமும், மேடையும், பொறுப்பும் முதல் பட்டத்துக்குப் படிக்கும் இளைஞர்கள் மீதே விழுகின்றன. ரசாயனக் கூடத்திலும் இதே கதைதான். ஆராய்ச்சி மாணவர்கள் இல்லாத இடத்தில் பேராசிரியருக்கு உதவியாக நிற்பவர்கள் உன் வயதுப் பிள்ளைகளே. பிற்காலத்தில் எத்தனை பெரிய இடத்துக்குப் போனாலும், இந்த வயதில் கிடைக்க வேண்டிய இந்தச் சலுகையை அங்கே போய்ப் பெற முடியாது.

அங்கே ஒரு பாடம் நடக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், அதைச் சொல்கிறேன். ஓர் அறை, அருகருகே இரண்டு பியானோக்கள், ஓர் ஆசிரியர், ஒரு பையன். ஷூபர்ட் 1828-இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எழுதிய கடைசி ஸொனாட்டாவைப் பையன் எடுத்துக்கொண்டிருந்தான். அமைதியாகத் தொடங்கும் அந்த மெட்டின் எட்டாவது தாளக்கட்டில், இடக்கை மிகத் தாழ்ந்த ஸ்தாயியில், காதில் விழுந்தும் விழாமலும் நடுங்கும் ஒரு ஸ்வரம் வருகிறது. பையன் அதைச் சுத்தமாகவே வாசித்தான். ஆசிரியர் நிறுத்தினார், தம் பியானோவில் தாம் வாசித்துக் காட்டினார், மறுபடி அவனை வாசிக்கச் சொன்னார், எங்கே தொடங்குகிறது என்று கேட்பவனுக்குத் தெரியாதபடி தொடங்கு என்றார். விரல் மேலிருந்து விழுகிறதா, கட்டையைத் தொட்டபடியே அழுந்துகிறதா, பெடல் எப்போது மாறுகிறது, நடுக்கம் முடிந்த பிறகு வரும் மௌனத்தின் நீளம் எவ்வளவு என்று அந்த ஒரு தாளக்கட்டிலேயே பாட நேரத்தில் பெரும்பகுதி போயிற்று. முடிவில், இரண்டு வெவ்வேறு பதிப்புகளை நூலகத்தில் ஒப்பிட்டுப் பார்த்து வரும்படி அவனை அனுப்பினார். நம் பழைய வித்துவான்கள் தோடியின் காந்தாரத்துக்காக ஒரு காலைப்பொழுதையே செலவிட்டதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த அறையில் எதுவும் அந்நியமாகப் படவில்லை. வாரம் தோறும் உனக்கென்று இப்படி ஒரு மணி நேரம். அதற்காக நாள் தோறும் மூன்று, நான்கு மணி நேரச் சாதகம். ஸ்டீன்வே பியானோக்கள் மட்டும் 200-க்கு மேல் அந்தக் கன்சர்வேட்டரியில் இருக்கின்றன என்பதும், பயிற்சி அறைகள் ஏறக்குறைய 150 என்பதும் இந்தச் சாதகத்தை முன்னிட்டுத்தான்.

இனி நீ கேட்ட இரட்டைப் பட்டத்துக்கு வருகிறேன். கல்லூரியும் கன்சர்வேட்டரியும் தனித்தனியே உன்னை ஏற்க வேண்டும்; கல்லூரி உன் படிப்பையும் எழுத்தையும் பார்க்கும், கன்சர்வேட்டரி ஆடிஷனில் உன் வாசிப்பைக் கேட்கும்; ஒன்றில் பெற்ற சிறப்பு மற்றொன்றின் குறையை ஈடுசெய்யாது. இரண்டிலும் தேறியவர்கள் ஐந்து வருஷம் படித்துக் கலைப் பட்டம், இசைப் பட்டம் இரண்டையும் பெறுகிறார்கள். அங்கே ரசாயனம் படித்தாலும் கலைப் பட்டமே கிடைக்கும் என்பதைக் கண்டு உன் அப்பா மிரள வேண்டாம். அந்நாட்டுக் கல்லூரிகளில் அது சகஜம். நியூயார்க் மாநிலத்து பார்ட் கல்லூரியின் கன்சர்வேட்டரியில் சேரும் ஒவ்வொரு இளநிலை மாணவரும் இரட்டைப் பட்டம் பெற்றே ஆக வேண்டும் என்ற விதி உண்டு. ஓபர்லினில் அது கட்டாயமன்று, விருப்பம். விஸ்கான்ஸினில் லாரன்ஸ் சர்வகலாசாலையிலும் இவ்வழி உண்டு. அவற்றுக்கும் நீ விண்ணப்பிப்பது நல்லது.

ரசாயனமும் பியானோவும் சேர்ந்த உதாரணங்கள் ஓபர்லினிலேயே இருக்கின்றன. சார்லஸ் மார்ட்டின் ஹால் என்பவர் 1885-இல் ஓபர்லினில் பட்டம் பெற்று, மறு வருஷம் பிப்ரவரி மாதத்தில், தம் வீட்டுக் கொட்டகையில் மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். பொன்னைப் போல் அருமையாக இருந்த அந்த உலோகம் நம் அடுப்படிப் பாத்திரமானது அதன் பிறகே. அவருக்கு வழிகாட்டியவர் அவருடைய ரசாயன ஆசிரியர் ஃபிராங்க் ஜுவெட். ஜூலியா என்ற தமக்கையும் அதே கல்லூரியில் ரசாயனம் கற்றுத் தம்பிக்குத் துணை நின்றவர். ஹால் ஆயுள் முழுவதும் பியானோ வாசித்தவர். தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தம் கல்லூரிக்கு எழுதி வைத்தவர். நம் காலத்தில் ஜெரமி டெங்க் என்ற பியானோ வித்துவான், பதினாறு வயதில் அங்கே சேர்ந்து, நீ விரும்புகிறாயே, அதே ரசாயனத்தையும் பியானோவையுமே படித்தார். இன்று அவர் ரசாயனத்தை விட்டுவிட்டார். ஆனால் ஒரு சங்கீதத் துணுக்கை எடுத்துக்கொண்டு, அது எதனால் ஆனது, எந்த இடத்தில் எது எதனோடு சேர்ந்து புதிதாக மாறுகிறது என்று அவர் கட்டுரைகளில் விளக்கும்போது, ஆய்வுக்கூடத்தில் பழகிய ஒருவரின் கண் அதில் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொருவரையும் நீ அறிய வேண்டும். ரியானன் கிடென்ஸ் என்ற பெண்மணி அங்கே ஆபரா சங்கீதம் பயின்று 2000-இல் பட்டம் பெற்றார். அதன்பின் தம் சொந்த மாநிலமான வட கரோலினாவுக்குத் திரும்பி, ஜோ தாம்ஸன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் வாத்தியக்காரரின் வீட்டில் உட்கார்ந்து, மறைந்துகொண்டிருந்த பாஞ்ஜோ மரபைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். பின்னர், அமெரிக்காவில் அடிமையாக விற்கப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க இஸ்லாமிய அறிஞர் ஓமர் இபின் சையதின் சரிதத்தை, மைக்கேல் ஏபல்ஸ் என்பவரோடு சேர்ந்து 'ஓமர்' என்ற ஆபராவாக இயற்றி 2023-இல் புலிட்ஸர் பரிசு பெற்றார். குரல் பயிற்சி அவருக்கு மேடையைத் தந்திருக்கும். எதைப் பாடுவது என்பதைத் தேடத் தூண்டியது சரித்திரம். ஒரு கலைஞருக்கு விரலும் தொண்டையும் பழகிய பிறகுதான் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அப்போது கையில் வேறு ஞானம் ஒன்றும் இல்லாவிட்டால், பிறர் பாடியதையே பாடிக்கொண்டிருக்க நேரும்.

மற்ற சௌகரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் 500 வரை கச்சேரிகள் நடக்கும் ஊர் அது. கேட்க வருபவர்களில் பலர் உயிரியலும் அரசியலும் படிக்கிறவர்கள். ஜனவரி மாதம் முழுவதும் வகுப்பில்லை. ஏதேனும் ஒரு விஷயத்தைத் தானே வகுத்துக்கொண்டு அதிலேயே ஆழ வேண்டும். ஆலன் கலைக்கூடத்திலோ 1940-களிலிருந்து ஒரு வழக்கம் உண்டு: பிக்காஸோ போன்றோரின் அசல் சித்திரங்களை, ஒரு பருவத்துக்குச் சொற்ப வாடகைக்கு, மாணவர்கள் தங்கள் விடுதி அறைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அதற்காக முந்தைய இரவே போர்வையோடு வந்து முற்றத்தில் படுத்துக் காத்திருப்பார்களாம். இளைஞர்களிடம் இவ்வளவு நம்பிக்கை வைக்கிற ஒரு ஸ்தாபனத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

இப்போது கண்டிப்பாகச் சில வார்த்தைகள். ரசாயனம் வயிற்றுக்கு, பியானோ மனசுக்கு என்று நீயே பங்கு பிரித்துக்கொண்டு அங்கே போவாயானால், போக வேண்டாம். ஒன்றில் தோற்றால் மற்றது காப்பாற்றும் என்ற பயத்தில் இரட்டைப் பட்டம் எடுப்பவர்கள் இரண்டிலும் அரை மனதாகவே உழைப்பார்கள். ஆய்வுக்கூடத்தின் பிற்பகல்களும் ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகையும் ஒன்றோடொன்று மோதும் மூன்றாம் வருஷத்தில் அந்தச் சாயம் வெளுத்துவிடும். இரண்டும் இல்லாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கே அந்த ஐந்து வருஷம். அப்படியல்ல, ரசாயனமே உன் வாழ்க்கை, பியானோ துணைக்கு இருந்தால் போதும் என்றால், கலைக்கல்லூரியில் மட்டும் சேர்ந்துகொண்டு, நான்கு வருஷத்தில் முடித்து, பியானோப் பாடத்தையும் தொடர அங்கே இடமுண்டு. அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பாட்டியிடம் நீ கற்ற கீர்த்தனங்களை மேல்நாட்டிலும் முறையாகத் தொடர வேண்டும் என்ற எண்ணம் மேலோங்கினால், அதற்கு உரிய இடம் ஓபர்லினன்று; நம் சங்கீத வித்துவான்களான தி. ரங்கநாதனும் தி. விசுவநாதனும் கற்பித்த, கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் சர்வகலாசாலையை நீ விசாரிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி உன் அப்பாவோடு நான் தனியே பேசுகிறேன். ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும் படிப்பு அது. ஐந்தால் பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். கன்சர்வேட்டரி தகுதி பார்த்து உதவிச் சம்பளம் தருகிறது. ஆதலால் நீ கல்லூரிக்கு எழுதும்போது, தரப்படும் உதவி ஐந்தாம் வருஷத்துக்கும் செல்லுமா, ஒரு பட்டத்தை இடையில் விட நேர்ந்தால் அந்த உதவி என்னவாகும், கோடை விடுமுறையில் விடுதியில் தங்க இடம் உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள். ஆடிஷனுக்கு அனுப்பும் பதிவை, கடைசி வாரத்துக்கு வைக்காமல், இந்தக் கோடையிலேயே நல்ல பியானோ உள்ள ஓரிடத்தில் செய்துவிடு. உங்கள் வீட்டுப் பியானோவைச் சுருதி சேர்க்கிறவரை அதற்கு முன்பு ஒருமுறை வரவழைக்கச் சொல்லி உன் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா